செவ்வாய்க்கிழமை வாங்கு

"பிள்ளை, இந்த வாங்கை உங்களாலை ஒரு மாரி தாங்கேலாது."

தன் இடத்துக்கு வந்திருந்த என்னிடம் டொக்டர் சிவகுரு இதைச் சொன்னபோது தன் மேசை லாச்சியைக் காலி செய்துகொண்டிருந்தார். வெளியே மழை. ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலாகத்தான் பேச வேண்டியிருந்தது. பழைய பேனாக்கள், ஒரு உடைந்த கண்ணாடி, இருமலுக்கான இனிப்பு டப்பா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் போட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டிப் பக்கமே வாழ்க்கையைக் கழித்தவர். அடுத்த கிழமை மகனிடம் வெளிநாடு போகிறார்.

"பார்ப்போம் சேர்," என்றேன்.

"நீங்கள் பாப்பீங்கள். நான் பாக்க மாட்டன். நான் போறன்," என்று சிரித்தார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நான் பெருமைக்காரி. பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் என்னுடைய தகரப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்களை இன்றும் மறக்காதவள். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்டவளிடம் வந்து, உன்னால் முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் இரவு சாப்பாடு இறங்குமா?

பலா மரத்தில் செய்தது

அந்த வாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்டியிலிருந்து மாத்தளை போகும் பாதையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. அதன் நடையில் டொக்டரின் அறைக்கு வெளியே ஒரு நீண்ட வாங்கு, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சு. பலாப் பலகை. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் மஞ்சளாக மினுங்கும். செவ்வாய்க்கிழமைகளில் அது நிரம்பிவிடும். இடம் கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள்.

எல்லோரும் நாட்பட்ட நோவுக்காரர்கள். முதுகு, கழுத்து, முழங்கால், எப்போதோ முறிந்து கோணலாகப் பொருந்திய கை. சாகிற நோய் எதுவும் இல்லை. மாறுகிற நோயும் இல்லை.

டொக்டர் சிவகுருவுக்கு ஒரு வழக்கம். செவ்வாய்க்கிழமை ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஒரு ஊசி போடுவார். தாதியிடம் விடமாட்டார். போட்டுவிட்டுத் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வாங்கோ," என்பார். அதன் பிறகு ஒரு கிழமைக்கு விழுங்கக் குளிசை. அந்தக் குளிசைகளில் சில, நாளாக நாளாக உடம்பு பழகிக்கொள்பவை. அளவு கூடிக்கொண்டே போகும். திடீரென்று நிறுத்தினாலோ ஆளைச் சாய்த்துவிடும்.

மேசை, கதிரை, அலுமாரி எல்லாவற்றோடும் சேர்த்து அந்த வாங்கையும் எனக்கு விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

முதல் செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக உள்ளே வந்தவர் ஹனிபா நானா. அலவத்துகொடயில் தையல்காரர். மிஷினுக்கு மேல் குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. கதிரையில் உட்காருவதற்கே அவருக்கு மூன்று கட்டம் தேவைப்படும்: முதலில் மேசையைப் பிடிப்பார், பிறகு பிஸ்மி சொல்வார், பிறகு இறங்குவார்.

"டொக்டரம்மா கோவிச்சிக்கொள்ள வாணாம். அந்த டொக்டர் தோள்ல தட்டினாலே பாதி நோவு போயிரும்."

"நானும் தட்டவா நானா?"

அவர் என் கையைப் பார்த்தார். "உங்கட கை சின்னக் கை," என்றார் கவலையோடு.

நான் என் வேலையை ஒழுங்காகத் தொடங்கினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பழைய டொக்டர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொருவரையும் புதிதாகப் பார்ப்பவரைப் போலச் சோதித்தேன். ஒருவருக்கு முதுகில் நரம்பு நசுங்கியிருந்தது தெரிந்து கண்டிக்கு அனுப்பினேன். சத்திரசிகிச்சை செய்து சுகமாகி வந்தார். இன்னொருவருக்கு மூட்டுவாதம். சரியான மருந்து கிடைத்ததும் அவர் வாங்கையே மறந்துவிட்டார்.

மற்றவர்கள் மிஞ்சினார்கள்.

ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இந்தக் கிழமை நோவு எப்படி?" ஒரே பதில். "அப்பிடியே தான்." தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் குடைச்சல் என்பார்கள், உளைச்சல் என்பார்கள். ஓய்வுபெற்ற பஸ் சாரதி சுமனதாச மாமா வலது முழங்காலைத் தொட்டு, நோகிறது என்பதைச் சிங்களத்தில், "ரிதெனவா நோனா, நல்லா ரிதெனவா," என்பார். எந்த மொழியில் சொன்னாலும் அது எனக்கு, நீ தோற்றுவிட்டாய் என்றே கேட்டது.

சில மாதங்களில் திங்கட்கிழமை பின்னேரமே நாளைக்கு வரப்போகிறவர்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். செவ்வாய் முடிந்து குவார்ட்டர்ஸுக்குப் போனால் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பேன். என் கழுத்தும் நோகத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஆளாகப் படித்து வந்தவள் களைத்துவிட்டேன் என்று யாரிடம் சொல்வது?

அம்மாவின் கழுத்து

எங்கள் வீட்டில் வலி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவள். கூடையின் கயிறு தலையில் தொங்கும். பாரம் முழுவதும் நெற்றி வழியாகக் கழுத்துக்கு இறங்கும். மாலையில் கூடையை இறக்கிவிட்டு அவள் தலையை இடதும் வலதுமாகத் திருப்பும்போது நெற்றியில் கயிற்றின் தடம் சிவப்பாக இருக்கும். சின்ன வயதில் அதை ஒரு பொட்டு வகை என்று நினைத்திருந்தேன்.

தமிழர்களைத் தேடி அடித்த கலவர வருஷத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைப் பக்கமும் ஆட்கள் வருகிறார்கள் என்று கதை வந்தது. எல்லோரும் தேயிலைக்குள் இறங்கினோம். ஆடி மாத மழை. பகல் முழுக்க அம்மா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு செடிகளுக்கு இடையில் குந்தியிருந்தாள். கீழே விட்டால் நான் அட்டைக்குப் பயந்து அழுவேன். சத்தம் வெளியே கேட்கும். ஈர மண்ணும் நசுங்கிய இலையும் சேர்ந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அன்று யாரும் வரவில்லை. அடுத்த நாள் கடை வீதி எரிந்த புகை மட்டும் மலை ஏறி வந்தது.

அதன் பிறகு அம்மா இடது கையைத் தூக்கும்போது ஒரு கணம் நின்று தூக்குவாள். நான் மருத்துவ பீடத்துக்குப் போன பிறகுதான் அதைக் கவனித்தேன்.

"வலிக்குதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"இல்ல, வலிக்குது. சொல்லும்மா."

"சொன்னா என்னாவாம்? வலி என்ன கங்காணியா, கூட்டம் கூடிப் பேசுனா எறங்கி வர்றதுக்கு?"

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அதனால் நோவைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அதை நான் எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறார் என்று நம்பினேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

ரெண்டும் வெள்ளைதானே

ஒரு மாரியைத் தாண்டி அடுத்த மழைக்குள்ளும் வந்துவிட்டேன். டொக்டர் சிவகுரு சொன்னது பொய்த்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்ட கிழமையில்தான் அது நடந்தது.

பைகளைத் திறந்து காட்டவும், அடையாள அட்டையை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு நடக்கவும் எல்லோரும் பழகியிருந்த காலம். நகரத்தில் ஏதோ அசம்பாவிதம் என்று பாதையை மூடினார்கள். திறந்த பிறகும் இராணுவச் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி. மேல் தோட்டத்துச் சனம் லயத்தை விட்டு இறங்கவே பயந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வாங்கு பாதி காலி.

மாரியாயி அக்கா வரவில்லை. கொழுந்து எடுப்பவர். அம்மாவைப் போலக் கழுத்து, அதோடு இடுப்பும். வாங்கின் வலது ஓரம் அவருடையது. எனக்கு அது உறுத்தியது. ஆனால் உள்ளுக்குள் ஒருவர் குறைந்தார் என்ற நிம்மதியும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து தோட்டத்து லொறியில் மாரியாயி அக்காவைக் கொண்டு வந்தார்கள். எழுப்ப முடியவில்லை என்று மருமகள் அழுதாள். மூச்சு மெதுவாக வந்துகொண்டிருந்தது. கண்மணி சுருங்கியிருந்தது. நாங்கள் ஓடியாடிச் செய்ய வேண்டியதைச் செய்தோம். மத்தியானத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்தார்.

"டொக்டரம்மா, இருவது வருசத்துல நான் இப்பிடித் தூங்குனதே இல்ல," என்றார்.

என்ன நடந்தது என்பது மெல்ல வெளியே வந்தது. வர முடியாதவர்களுக்கு வந்தவர்கள் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது வாங்கில் பழைய பழக்கமாம். டொக்டர் சிவகுரு காலத்திலும் இருந்ததாம். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிங்களவரான சுமனதாச மாமாவைச் சாவடியில் யாரும் நிறுத்துவதில்லை. மாரியாயி அக்காவின் மருந்து தீர்ந்திருக்கும் என்று நினைத்து, தன்னுடைய குளிசையில் பாதியைப் பிரித்து, மலை அடிவாரத்துக் கடையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அக்கா தன்னிடம் மிச்சம் இருந்ததோடு அதையும் சேர்த்து விழுங்கிவிட்டார்.

சுமனதாச மாமா தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். "ரெண்டும் வெள்ளைதானே நோனா. நான் நினைச்சது ஒரே பெஹெத், ஒரே மருந்து என்று."

"மாமா, உங்க மருந்து பலமானது. அக்கா செத்திருப்பாங்க."

அவர் முகம் சாம்பல் நிறமானது. அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரிப் பொறுப்பு டொக்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. தேநீர் வரச் சொன்னார்.

"இந்தச் செவ்வாய்க்கிழமை வேலையை நிறுத்திவிடுவோம். எல்லோரையும் கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி எழுதுங்கள். உங்களையும் பாருங்கள், எப்படி மெலிந்துவிட்டீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை முடிய எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள்."

கண்டி என்றால் பாலத்துச் சாவடி. மாரியாயி அக்காவுக்கு அது ஒரு நாள் பெயரும் கூலியும் போவது மட்டுமல்ல, தோட்டத்து முகவரி உள்ள அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பது. அவர் போகமாட்டார். மருந்து இல்லாமலே கிடப்பார், அல்லது கடையில் யாரோ கொடுக்கும் வெள்ளைக் குளிசையை விழுங்குவார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்தும், அவர் நிறுத்துவோம் என்று சொன்னபோது என் தோளிலிருந்து கூடை இறங்கியதுபோல இருந்தது.

வாங்கின் வலது ஓரம்

அந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா வந்தாள்.

சொல்லாமல் வந்தாள். பஸ் இறங்கி, ஒரு பையில் மரக்கறியும் கீரைக்கட்டும். அறைக் கதவு சாத்தியிருந்ததால், மகள் வேலையாக இருக்கிறாள் என்று வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். வார்டிலிருந்து இன்னும் வீட்டுக்குப் போகாத மாரியாயி அக்கா சற்று நகர்ந்து வலது ஓரத்தில் இடம் கொடுத்திருக்கிறார்.

உள்ளே நான் மாற்றல் கடிதங்களை எழுதத் தொடங்கியிருந்தேன். மேலே இருந்த சிறிய ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் கேட்டதும் பேனா நின்றது.

"அக்காவுக்கு எங்க வலி?" மாரியாயி அக்கா கேட்கிறார்.

நான் பதிலை எதிர்பார்த்தேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல.

"கழுத்துலருந்து தோளுக்கு எறங்குது," என்றாள் அம்மா. "கலவர வருசத்துலருந்து. புள்ளையத் தூக்கி வச்சிருந்தேன் ஒரு நா பூரா. ராவைக்கு எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கமில்ல."

"எனக்கும் அப்பிடித்தான். நான் தலகாணிய மடிச்சி கழுத்துக்குக் கீழ வச்சுக்குவேன். சுடுதண்ணி போத்தலும்."

"எங்க, இங்கயா வக்கிறது?"

"இன்னும் கொஞ்சம் கீழ. ஆ, அங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன். இத்தனை வருடமாக நான் கேட்டும் சொல்லாததை, பெயர் தெரியாத ஒருத்தியிடம் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிக்கிட்டுப் போயி காட்ட புள்ளைங்க இல்லையாக்கா?"

"ஒரு மக இருக்கா. டொக்டரு."

"டொக்டரா! அப்புறம் என்னா? அதுகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா மருந்து குடுப்பா. மருந்துல கேக்கலன்னா இன்னொரு மருந்து குடுப்பா. அதுலயும் கேக்கலன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவா. ஏற்கெனவே எலும்பாப் போயிருக்கா. எதுக்கு அவளுக்கு அதையும் குடுப்பானேன்?"

"எந்த ஆஸ்பத்திரில?" இது ஹனிபா நானா.

அம்மா கதவைக் காட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் வாங்கு முழுவதும் கிறீச்சிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது.

"அம்மோ!" என்றார் சுமனதாச மாமா. "டொக்டர் நோனாட அம்மா!"

பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள். மாரியாயி அக்காவுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க முடியும். ஹனிபா நானா இருமிக்கொண்டே, "யா அல்லாஹ், சரியாச் சொன்னீங்க. எங்களுக்கும் அதே கவல தான்," என்றார். "பாவம் அந்தப் புள்ள, நோவு அப்பிடியே ஈக்கிதுன்னு சொன்னா மொகம் சுருங்கிப் போவுது. அதுக்காகவே போன மாசம் நான் கொஞ்சம் கொறவுன்னு சொன்னேன்."

"கொறஞ்சிச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க கொறஞ்சிச்சி? சும்மா. அந்தப் புள்ள ஒருக்காச் சிரிக்கட்டுமேன்னு."

"நானுந்தான்," என்றார் மாரியாயி அக்கா.

வெட்கம் வந்தது. கோபமும் வந்தது. அதைவிட ஒன்று வந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்து வாங்குக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல நிமிர்ந்தார்கள். அம்மா கீரைக்கட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நான் ஒன்று சொல்ல வேணும்," என்றேன். "உங்கட நோவை என்னால முழுசா எடுக்க முடியாது. எந்த மருந்தாலும் முடியாது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். யாராவது எழுந்து போவார்கள், யாராவது அழுவார்கள் என்று நினைத்தேன்.

ஹனிபா நானா மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அது எங்களுக்குத் தெரியும் டொக்டரம்மா. உங்களுக்குத் தெரியாதுன்னு தான் நாங்க நெனச்சிட்டு ஈந்தோம்."

கேள்வியை மாற்றினேன்

அன்று பின்னேரம் பொறுப்பு டொக்டரிடம் போய், இந்த மழை முடியும் வரை ஒரு தவணை தாருங்கள் என்று கேட்டேன். "குளிசை மாறினால்?" என்றார். "இனி மாறாது," என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

அதற்கு வழி ஹனிபா நானாவிடம் இருந்து வந்தது. வெட்டி மிஞ்சிய துணிகளில் சின்னச் சின்னப் பைகள் தைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துணி. மாரியாயி அக்காவுக்குப் பூப் போட்டது, சுமனதாச மாமாவுக்குக் காக்கி. பாதை மூடினால் தாதி பையில் மருந்தை அளந்து போட்டுக் கட்டிக் கொடுப்பார். அவரவர் பை அவரவருக்கு. தன் பையில் இருந்து ஒன்றைக்கூட இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. சுமனதாச மாமா பைகளைக் கொண்டுபோகும் வேலையைச் சத்தியம் செய்து ஏற்றுக்கொண்டார். பஸ் ஓட்டிய காலத்தில்கூட அவர் அவ்வளவு கவனமாகப் போயிருக்கமாட்டார் என்று அவர் மனைவி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை முதல் ஒரு மணித்தியாலம் எல்லோரும் ஒன்றாக. நான் என் கதிரையோடு வெளியே வருவேன். நோவு எப்படி என்று கேட்பதில்லை. "இந்தக் கிழமை என்ன செய்தீங்க?" அதுதான் கேள்வி.

முதலில் பழக்கத்தில் "அப்பிடியே தான்" என்றார்கள். பிறகு புதுப் பதில்கள் வந்தன. சுமனதாச மாமா பிலிமத்தலாவையில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போய் வந்தார், அதுவும் சாரதியைத் திட்டிக்கொண்டே. மாரியாயி அக்கா பேரனைக் குளிப்பாட்டினார். ஹனிபா நானா ஒரு நாள் கண் கலங்கச் சொன்னார்: "இந்த வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குக் கதிர இல்லாம தொழுதேன். சுஜூதுல நெத்தியத் தரையில வச்ச பொறகு எழுப்ப ரெண்டு பேர் வேண்டி வந்திச்சி. ஆனா செஞ்சேன்."

ஒன்றாகப் பேசிய பிறகு தனித்தனியாகக் கொஞ்ச நேரம். குளிசையை அவர்கள் சம்மதத்தோடு, துளித் துளியாகக் குறைத்தோம். கெட்ட கிழமை என்றால் குறைப்பதில்லை, கூட்டுவதுமில்லை. ஊசியும் மெல்ல மெல்ல நின்றது. தோளில் தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. சின்னக் கைதான்.

மற்ற நாட்களில் பழைய நோவுக்காக யாரும் வரக் கூடாது. ஆனால் கால் மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், காய்ச்சலோடு முதுகு நோவு வந்தால், எந்த நாளும் எந்த நேரமும் வரலாம். இதைப் பாட்டுப்போல எல்லோரும் சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரு தடவை அப்படி வந்த ஒருவரை நேரத்தோடு கண்டிக்கு அனுப்ப முடிந்தது.

எனக்கும் சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். செவ்வாய் பின்னேரம் வேறு வேலை ஏற்பதில்லை. என்னோடு படித்த ரிஸ்வானா பேராதனையில் வேலை பார்த்தாள். அவளுக்கு அன்று தொலைபேசியில் பேசுவேன். ஒருத்தி புலம்ப மற்றவள் கேட்க வேண்டும், புத்தி சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். அவள்தான் அடிக்கடி மீறுவாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதமாட்டேன். "நான் ஊசிக்கு வந்தவன், கூட்டத்துக்கு வந்தவன் இல்ல," என்று எழுந்து போன ஒருவர் திரும்பி வரவேயில்லை. கடை வீதியில் என்னைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொள்வார். கலவரத்தில் முறிந்த கை அவருடையது. அவருக்கு நான் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் அந்த யோசனை இப்போது என் சோற்றைக் கெடுப்பதில்லை.

மழை முடிந்ததும் பொறுப்பு டொக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை நடை வழியாகப் போனார். நின்று கேட்டார். மாரியாயி அக்கா அவரைப் பார்த்து, "நீங்க என்னா செஞ்சீங்க இந்தக் கெழம?" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு மூடுவது பற்றிப் பேச்சே எழவில்லை.

இப்போது

டொக்டர் சிவகுருவை நான் குறை சொல்லமாட்டேன். அத்தனை வருடம் தனி ஆளாகத் தாங்கியிருக்கிறார். அவரிடம் ஒரு தோள்தட்டும் ஒரு ஊசியும்தான் இருந்தன. ஆனால் அவர் ஒரு பின்னேரத்தில் லாச்சியைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி நான் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அதனால், நான் மாற்றம் கேட்டதும் எனக்குப் பதிலாக அனுப்பப்பட்ட டொக்டரை வந்த நாளிலேயே என் கதிரையில் உட்காரவிடவில்லை. மாத்தறைப் பக்கத்துப் பையன். தமிழ் தெரியாது. ஹனிபா நானாவுக்கும் சுமனதாச மாமாவுக்கும் நடுவில் வாங்கில் உட்கார வைத்தேன். சில வாரங்களாக அங்கேதான் இருக்கிறார். ஹனிபா நானா அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். சுமனதாச மாமா அந்தத் தமிழைத் திருத்துகிறார். இதைவிட வேடிக்கை என்ன வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமைதான் இடம் மாறினோம். அவர் கதிரையில். நான் வாங்கின் வலது ஓரத்தில், மாரியாயி அக்காவை ஒட்டி. அந்தப் பலகை இவ்வளவு சூடாக இருக்கும் என்று இத்தனை மாரியிலும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தவர் என்னிடம் வந்ததும் தயங்கினார். பிறகு தான் படித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக, "இந்தக் கிழமை, நீங்க, என்ன செய்தீங்க?" என்று கேட்டார்.

வாங்கு முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"கழுத்து நோகுது," என்றேன் முதலில். மாரியாயி அக்கா தலையாட்டினார். "ஆனாலும் மேலே, என் தோட்டத்துக்குப் போய் வந்தேன். அங்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமைகளில், பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவைத் தரச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் கேட்டேன், சரி என்றார். தச்சரிடம் ஒரு வாங்குக்குச் சொன்னேன். பலகை அறுத்தாகிவிட்டது. வலது ஓரத்தில் யார் உட்காருவது என்று அம்மா இப்போதே சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டாள்."